பதவி என்ற கட்டம்

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
கூலிப் பேரேடு எழுதுகிறேன், பதினோரு வருஷமாக.
பெயர், பதவி, நாள் கூலி, கையெழுத்து.
இரண்டாவது கட்டத்தில்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நான் யோசித்தது
ஒரே ஒருவருக்குத்தான்.

துறைமுகத்தில் அவர் பெயர் கிரஹாம்.
கன்டெய்னர் கிரேன்களின் பாதுகாப்பு அதிகாரி,
வெள்ளை ஹெல்மெட், டிரைவரோடு இன்னோவா.
பையன்கள் வாயில் கிராம் சார் ஆனார்.
ஆறேகால் அடி ஆளை அண்ணாந்து பார்த்து
இது கிராம் இல்லடா என்று எவனோ சொல்ல
கிலோ சார் ஆனார்.
கிலோ சார் வர்றாரு என்றால்
பீடி அணையும், பெல்ட் மாட்டும்.

ஒப்பந்தம் ஒரு மெயிலில் முடிந்தது.
துபாயில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள்.
ஸ்டான்லியில் நைட் டியூட்டி பார்க்கும் மனைவி பிரிசில்லா
உன் இஷ்டம் என்றாள்;
அந்தச் சொல்லுக்கு ராயபுரத்தில் என்ன அர்த்தம் என்று
அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.
நாலு மாதம் பைக்கில் சும்மா சுற்றினார்.
எங்கள் அமோனியா கம்ப்ரெசர் இருமிய ஒரு மத்தியானம்
வாசலில் நின்று காது கொடுத்துவிட்டு
உள்ளே வந்து, பேரிங் போச்சு, என்றார்.
ஓனரம்மா ஜெசிந்தா ஏற இறங்கப் பார்த்து
நைட் ஷிஃப்ட் வருவியா, என்றாள்.

மூன்றாம் நாள் உதிர்ந்தது சார்.
யாரும் பிடுங்கவில்லை.
கேன் தூக்குகிற அவசரத்தில் அவ்வளவு நீளம் கூப்பிட முடியாது.
வர்றாரு தேய்ந்து வர்றான் ஆனது.
நானும்தான். இதோ, இந்த வரியிலிருந்து
அவன் என்றே எழுதப்போகிறேன்.

முதல் மாதமே சொதப்பினான்.
உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து கேன்களை
ரெண்டு மணி நேரம் முன்னாலேயே தூக்கிவிட்டான்.
முப்பது பார். வெளியே கண்ணாடி, உள்ளே வெறும் தண்ணி.
லாஞ்சில் ஏற்றும்போது ஒன்று உடைந்து ஊற்ற
தேசம்மாள் கரையில் நின்று அரை மணி நேரம் ஏசினாள்.
இன்னா சொல்றாங்க, என்று என்னைக் கேட்டான்.
சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன்:
ஐஸ் சரியில்லையாம்.
முப்பது பாருக்கும் கூலியில் பிடித்தோம்.
கையெழுத்துக்கு முன் விரல் விட்டு எண்ணி
இருபத்தொம்பது, என்றான்,
ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா வீடியோவில் வருவாள்,
ஹல் என்ற ஊரிலிருந்து. அதுவும் மீன்பிடித் துறைமுகமாம்.
இவனோ மீனைத் தொடமாட்டான்;
தயிர்சாதத்துக்குத் தங்கசாலை வரை போகிறவன்.
அங்க குளிருதா, என்று கேட்பாளாம்.
வேலை செய்யிற எடத்துல மட்டும், என்பானாம்.

ஏன் ஊருக்குப் போகவில்லை என்று நானும் ஒரு தபா கேட்டேன்.
போலாம், என்றான்.
நம்ம ஊர்ப் போலாம்.
குந்தினவன் எழுந்திருக்காத போலாம்.

பதவிக் கட்டத்தில் மெக்கானிக் என்று எழுதினேன்.
ஓனரம்மா அடித்து ஃபிட்டர் என்றாள், நாற்பது ரூபாய் மிச்சம்.
அவன் சண்டை போட்டு நாற்பதை வாங்கினான், பெயரைக் கேட்கவில்லை.
அன்றிலிருந்து ஒரு கோடு மட்டும் போடுகிறேன்.
ஆடிட்டர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று விடிகாலை மூணே முக்கால்.
கிரஷர் நின்ற இடைவெளியில் டீ.
தெற்கே துறைமுக வெளிச்சம், பெட்டி ஏறும் இரைச்சல்.
கிளாஸைப் பாதி வழியில் நிறுத்தினான்.
நாலாம் நம்பர், என்றான். கயிறு தேயுது. கேக்குதா?
எனக்குக் கேட்டது அலையும்
எவனோ லுங்கியை உதறும் சத்தமும்தான்.

பழைய நம்பர் இன்னும் அவன் போனில் இருந்தது.
எடுத்தது புதுப் பையன் போல.
சார், யார் பேசுறீங்க?
அந்தச் சாரை அவன் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன்.
ஐஸ்லேர்ந்து, என்றான்.
எங்கேர்ந்து?
ஐஸ், ஐஸ், என்று கத்தினான்,
மொதல்ல நாலை நிறுத்துப்பா.